முதுகு வரைகிறவரும் மூச்சு விடுகிறவளும்

டப்பிங் தியேட்டரில் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஜப்பான் கார்ட்டூன் தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கிற இடம் அது. கதாநாயகன் வீர வசனம் பேச ஒருவர், வில்லன் உறும ஒருவர், குழந்தைக்குச் சிணுங்க ஒருத்தி என்று தனித்தனி ஆள் உண்டு. பேச்சாக இல்லாத சத்தமெல்லாம் மூச்சக்கா கணக்கு. ஓடினால் இரைக்க வேண்டும், விழுந்தால் முனக வேண்டும், தூங்கினால் பெருமூச்சு விட வேண்டும். கூட்டம் சிதறி ஓடும்போது நடுவில் ஒரு "ஐயையோ" கேட்டால் அதுவும் அவள்தான்.

"ஊர்ல எல்லாரும் சும்மா விடுற மூச்சுக்கு என் பொண்டாட்டிக்கு மட்டும்தான் சம்பளம்" என்று அவள் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிற வேலை. அப்படி வெளியே வருகிறவர்கள் விடுகிற முதல் மூச்சைச் சாயங்காலம் மனைவிக்குச் செய்து காட்டுவார். அவள் அதைக் கற்றுக்கொண்டு போய் ஏதோ ஒரு ராட்சசன் வாயிலிருந்து தப்பித்த பையனுக்குப் பொருத்திவிடுவாள். இப்படியும் சில தம்பதிகள் உலகத்தில் உண்டு.

தியேட்டரில் ஒரு சட்டம். வசனப் பேப்பர் யார் கையில் இருக்கிறதோ அவர் பெயர்தான் கடைசியில் திரையில் ஓடும். மூச்சுக்குப் பேப்பர் கிடையாது. யாராவது "ஹா, ஹா, ஹ்ஹா" என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்ன? ஆகையால் எத்தனையோ தொடர்களில், எத்தனையோ பேருக்கு உயிரும் மூச்சுமாக இருந்தவள், பெயர்ப் பட்டியலில் கடைசியில் வருகிற "மற்றும் பலர்" என்பதற்குள் அடங்கிக் கிடந்தாள். வீட்டில் யாராவது கதவைத் தட்டினால், "மற்றும் பலர் வந்துட்டாங்க போல" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவளும் சிரிப்பாள். உள்ளுக்குள் சுருக்கென்று ஒன்று தைக்கும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வசனம் பேசுகிறவர்கள் திரையில் வாயைப் பார்ப்பார்கள். வாய் திறந்தால் பேச வேண்டும், மூடினால் நிறுத்த வேண்டும், பிழைப்பு முடிந்தது. மூச்சு விடுகிறவளுக்கு வாயை மட்டும் பார்த்தால் கதை ஆகாது. தோள் எங்கே ஏறுகிறது, விலா எங்கே விரிகிறது, சட்டைக் காலர் எப்போது அசைகிறது என்று உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் ஒருநாள் ஒரு திருட்டைக் கண்டுபிடித்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட ஒரு பெண் ஓடுகிற காட்சி. முதல் பாதிக்கு அவள் மூச்சு அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தது. இரண்டாம் பாதியில் எவ்வளவு இரைத்தாலும் ஒட்டவில்லை. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

"தம்பி, இங்க ஆள் மாறிட்டாங்க" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த டப்பிங் டைரக்டர், "அதே பொண்ணுதான் அக்கா. அதே பை, அதே தெரு" என்றார்.

"பொண்ணு அதேதான். வரையற ஆள் மாறிட்டாங்க. முன்னாடி ஓடுனவ விரல் ஊனி ஓடுனா, காத்துல போற மாதிரி. இவ குதிகால் ஊனி ஓடுறா. இவளுக்கு வயித்துலேருந்துல்ல மூச்சு வரணும்?"

வயிற்றிலிருந்து விட்டாள். ஒட்டிக்கொண்டது. டைரக்டர் அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். பிறகு விசாரித்ததில் அது உண்மைதான் என்று தெரிந்தது. இந்த ஜப்பான் தொடர்களில் ஒரே பாகத்தைப் பல பேர் பங்கு போட்டுக்கொண்டு வரைவார்களாம். மூக்கு இப்படி, முடி இப்படி என்று எல்லாருக்கும் ஒரே மாதிரிப் படம் கொடுத்து, முகம் மாறிவிடாமல் மேலே ஒருவர் உட்கார்ந்து திருத்தவும் திருத்துவாராம். இத்தனை காவல் போட்டும் வரைகிறவரின் கை எங்காவது ஓர் இடுக்கு வழியாக வெளியே வந்துவிடுகிறது. முகத்தைத் திருத்தலாம், நடையை எப்படித் திருத்துவது?

அன்றிலிருந்து அவளுக்கு வேலை ருசித்துவிட்டது. பெயர் தெரியாத அந்த மனிதர்களுக்குத் தானே பெயர் வைத்தாள். ஒருவர் தூசியார். சுவர் இடிந்தால், குண்டு வெடித்தால், அந்த இடம் அவருடையது. வெடித்த உடனே தூசியைக் கிளப்பிவிட மாட்டார். முதலில் ஒரு வெளிச்சம். அப்புறம் ஒன்றுமே இல்லாத ஒரு கணம். அதற்கும் அப்புறம்தான் தூசி, உருண்டை உருண்டையாக, அவசரமே இல்லாமல் எழுந்து வரும். அந்த ஒன்றுமில்லாத கணத்தில் அலறினால் காட்சி செத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும். அலறலை நெஞ்சிலேயே பிடித்துவைத்துக்கொண்டு தூசியோடு சேர்த்து விடுவாள்.

இன்னொருவர் ஜவ்வு. அவர் வரைந்தால் கை கால் எல்லாம் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுபடும். ஒருநாள் சவுண்ட் என்ஜினியர் அவருடைய சண்டைக் காட்சி ஒன்றை நடுவில் நிறுத்திவைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். திரையில் கதாநாயகனுக்குக் கண் ஒரு பக்கம், தாடை ஒரு பக்கம், கை மூன்று.

"பாருங்கக்கா, வரையவே தெரியல இந்தாளுக்கு" என்றார்.

மூச்சக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓடுறவனைப் பிடிச்சு நிறுத்தி வச்சு மூஞ்சியைப் பார்த்தா உன் மூஞ்சியும் அப்படித்தான் இருக்கும். ஓட விட்டுப் பாரு!"

ஓட விட்டார். கோணல் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அடி விழுந்த வேகம் மட்டும் பார்க்கிறவர் விலாவில் வந்து இறங்கியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பார்க்கத் தெரியாதவர்கள் படம் கோணல் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது.

மூன்றாவது ஆள் கஞ்சர். ஒரு படத்தை வரைந்துவிட்டு அதை அப்படியே நிறுத்திவைத்துவிடுவார். தலைமுடிகூட அசையாது. சரி, காகிதத்தை மிச்சம் பிடிக்கிறார் என்று நாம் நினைக்கிற நேரத்தில் ஓர் இமை மட்டும் இறங்கி ஏறும். அந்த ஒரு சிமிட்டலுக்காக அவர் சேர்த்துவைத்த சிக்கனம் அத்தனையும் என்று அப்போதுதான் புரியும். கஞ்சரின் காட்சிகளில் மூச்சக்காவும் கஞ்சத்தனமாகத்தான் மூச்சு விடுவாள்.

ஆனால் அவள் மனசு முழுக்க இடம் பிடித்தவர் முதுகுக்காரர். ஆணா பெண்ணா, கிழமா இளசா, எதுவும் தெரியாது. யாராவது திரும்பி நின்றால், தலை குனிந்து செருப்பு மாட்டினால், முகம் தெரியாமல் துணி மடித்தால், அங்கே அவர் இருக்கிறாரா என்று அவள் கண் தேடும். சட்டையில் விழுகிற சுருக்கத்தை வைத்தே உள்ளே இருக்கிற எலும்பைக் காட்டிவிடுவார். களைத்த முதுகு வேறு, கோபித்த முதுகு வேறு, பொய் சொல்கிற முதுகு வேறு. அவருக்கு மூச்சு விடும்போது மட்டும் அவளுக்குத் தன் வேலையில் ஒரு பயம் வரும். நல்ல சங்கீதக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறவருக்கு வருமே, அந்தப் பயம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

டைரக்டர் ஒருகாலத்தில் அவளோடு கும்பலில் நின்று "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்தியவர். மேலே வந்த பிறகும் அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்கிற எண்ணம் அவருக்கு இருந்தது. புதிய தொடர் ஒன்றில் கதாநாயகன் வீட்டை விட்டுக் கிளம்புகிற பாகம் வந்தது. அதில் வருகிற அம்மா அதிகம் பேசாத பெண். மூலத்தில் அவளுக்கு இருப்பதெல்லாம் இரண்டொரு "ம்" மட்டும்தான். ஆனால் மகன் கிளம்புகிறேன் என்று சொல்லும்போது அவள் திரும்பி நின்று பாத்திரம் கழுவுகிறாள். முகம் தெரியவில்லை. வாய் தெரியாத இடத்தில் வசனம் நம் சொத்து என்பது டப்பிங் உலகத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட நியாயம். சும்மா விட்டால் சத்தம் போய்விட்டது என்று சேனலிலிருந்து போன் வரும். ஆகவே முதுகு தெரிகிற இடத்தில் எல்லாம் பேச்சை அடைத்துவிடுவார்கள்.

டைரக்டர் தானே உட்கார்ந்து எழுதினார். பெற்று வளர்த்த கதை, காய்ச்சலில் கண்விழித்த கதை, போகிற இடத்தில் நேரத்துக்குச் சாப்பிடு என்கிற புத்திமதி. பேப்பரை அவள் கையில் கொடுத்து, "அம்மா: அப்படின்னு போட்டு உங்க பேர் தனியா வரும் அக்கா" என்றார்.

அவள் பேப்பரைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அவள் வீட்டுக்காரர் முதல் வேலையாகத் தன் அக்காவுக்குப் போன் போட்டார். அந்த அம்மாள் காதில் விழுந்தால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. வெறும் வாயையே ஓயாமல் மெல்லுகிறவருக்கு இப்போது அவலும் கிடைத்தது. "டிவியில வர்ற அன்னிக்கு நான் உங்க வீட்டுக்கே வந்துடறேன். எனக்கு அவ பேசுறதைக் கேக்கணும், அவ பேரைப் படிக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

பதிவு செய்கிற நாள் வந்தது. மூச்சக்கா கண்ணாடி அறைக்குள் போய் மைக் முன்னால் நின்றாள். பேப்பரைத் தாங்கியில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பேசினாள். எத்தனை வருஷத்துத் தாகமோ, அழுகை தானாக வந்தது. "நேரத்துக்குச் சாப்பிடுப்பா" என்கிற இடத்தில் குரல் உடைந்ததே, அது நடிப்பே இல்லை. முடித்தபோது என்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எழுந்து நின்று கை தட்டினார். டைரக்டர், "ஒரே டேக்! போதும், வேற எதுவும் வேண்டாம்" என்றார்.

"ஒருதடவை போட்டுக் காட்டுங்க" என்றாள் அவள். தன் குரலைக் கேட்க ஆசை. அதில் என்ன தப்பு?

போட்டார்கள். அப்போதுதான் அவள் படத்தைப் பார்த்தாள். அதுவரை அவள் கண் பேப்பரில் இருந்தது. மூச்சு விடுகிறவளாக இருந்தவரை கையில் பேப்பர் இல்லாததால் கண் திரையை விட்டு நகர்ந்ததே இல்லை. பேப்பர் வந்த அன்றே பார்வை போய்விட்டது.

திரையில் சமையலறை. குழாயில் தண்ணீர் விழுகிறது. வாசலில் மகன் நின்று, நாளைக்குக் கிளம்புகிறேன் என்கிறான். கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நிற்கிறது. முழங்கைகள் இரண்டும் கொஞ்சம் உடம்போடு ஒட்டிக்கொள்கின்றன, குளிர் அடித்தது போல. தோள் ஏறுகிறது. ஏறியது இறங்கவில்லை. பின்கழுத்தில் கொண்டையிலிருந்து நழுவிய ஒரு கற்றை முடி தெரிகிறது. இடுப்பில் கட்டிய துணியின் முடிச்சு மெல்லத் தளர்கிறது. அப்புறம் தோள் இறங்குகிறது, இரண்டும் சேர்ந்து இல்லை, முதலில் இடது, பிறகு வலது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்கிறாள். கழுவிக் கவிழ்த்துவைத்திருந்த கிண்ணத்தை மறுபடியும் எடுக்கிறாள். அதையே திரும்பக் கழுவ ஆரம்பிக்கிறாள்.

முதுகுக்காரர். சந்தேகமே இல்லை. இதுவரை அவர் வரைந்ததிலேயே இதுதான் பெரிசு என்று மூச்சக்காவுக்குத் தெரிந்தது. அந்தப் பெரிசின் மேல் தன் குரல் ஏறி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாள். தாழ்வாரத்தில் தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்றாள். பெயர் வர வேண்டும் என்கிற ஆசை அவளுக்கு இல்லை என்று நான் எழுதினால் அது பொய். இருந்தது, கொள்ளை கொள்ளையாக இருந்தது. வீட்டுக்காரர் முகம், நாத்தனார் முகம், எல்லாம் வந்து போயின. பேசாமல் போய் உட்கார்ந்தால் யாருக்கு என்ன தெரியப் போகிறது? அந்த முதுகுக்காரர் ஜப்பானிலிருந்து வந்து கேட்கப்போகிறாரா? கேட்க மாட்டார். அதுதான் அவளை உறுத்தியது. யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தும்தானே அவர் அந்த முடிச்சு தளர்வதை வரைந்திருக்கிறார்?

உள்ளே வந்து, "தம்பி, வசனத்தை எடுத்துடலாம்" என்றாள்.

"எதை?"

"எல்லாத்தையும். அவர் அழாம வரைஞ்சிருக்கார். நான் அழுதுட்டேன்."

டைரக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது. "உங்களுக்காக உட்கார்ந்து எழுதினேன் அக்கா. வலிய வர்ற சீதேவியைக் கால்ல உதைக்கிறீங்க. வசனம் இல்லேன்னா பேர் வராது, தெரியும்ல?"

"தெரியும்."

"சேனல்ல கேட்டா?"

"தண்ணிச் சத்தம் இருக்குல்ல. சத்தம் போகலைன்னு அதுவே சொல்லும்."

"ஜனங்களுக்குப் புரியணுமேக்கா. அவ என்ன நினைக்கிறான்னு யார் சொல்றது?"

"முதுகு சொல்லுது தம்பி. நான் அதுக்கு முன்னாடி போய் நின்னுக்கிட்டு மறைக்கிறேன்" என்றாள்.

டைரக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வசனத்தை எடுத்துவிட்டு ஒருதடவை ஓட்டச் சொன்னார். பார்த்தார். "எனக்கு இன்னமும் வசனம் இருந்தாதான் நல்லாருக்கும்னு தோணுது" என்றார். அவர் ஒன்றும் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்று என்ஜினியருக்குக் கை காட்டினார்.

அந்தத் தோள் ஏறி இறங்குகிற இடத்துக்கு ஒரு மூச்சு வேண்டும். அதற்காக அவள் மறுபடி உள்ளே போனாள். ஒரே டேக்கில் ஒரு பக்க வசனத்தைப் பேசியவளுக்கு அந்த ஒற்றை மூச்சு அமைய மதியம் தாண்டிவிட்டது. இழுத்தது சரியாக இருந்தால் பிடித்துவைத்தது போதவில்லை. பிடித்துவைத்தது சரியாக இருந்தால் விட்டது அழுகையாகிவிட்டது. இடது தோளுக்குக் கொஞ்சம், வலது தோளுக்குக் கொஞ்சம் என்று பிரித்து விட்டபோதுதான் அது உட்கார்ந்தது. வெளியே வந்து நாற்காலியில் சாய்ந்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் ஒருநாளும் களைத்ததில்லை.

வீட்டில் சொன்னாளா என்றால், இல்லை. தைரியம் அவ்வளவோடு தீர்ந்துபோயிருந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டதில் அந்தப் பாகம் டிவியில் வருகிற சனிக்கிழமை காலை வந்து நின்றுவிட்டது. நாத்தனாரும் வந்துவிட்டார். டிவிக்கு நேர் எதிரே நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வீட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டினார். மூச்சக்கா சுவரோரமாக நின்றுகொண்டாள். உட்கார மனசு வரவில்லை.

படம் ஓடியது. கூடவே நாத்தனார் பேச்சும் ஓடியது. "இந்தப் பையனுக்கு ஏன்டா முடி நீலமா இருக்கு? கண்ணு ஏன் இவ்ளோ பெரிசு? இவதான் அம்மாவா? எப்ப பேசுவா?" வாய் ஓயவில்லை. "இதோ வருது அக்கா, இதோ" என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். மூச்சக்காவுக்குக் காது அடைத்தது.

சமையலறை வந்தது. குழாயில் தண்ணீர் விழுந்தது. மகன் கிளம்புகிறேன் என்றான். கை நின்றது. தோள் ஏறியது.

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அது பாதியில் நின்றது. அறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. இடது தோள் இறங்கியது, வலது தோள் இறங்கியது. கழுவிய கிண்ணத்தை அவள் மறுபடி எடுத்தாள். நாத்தனார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பாட்டு வந்தது, பெயர்கள் ஓடின. வீட்டுக்காரர் டிவியை ஒட்டிப் போய் நின்று விரல் வைத்துத் தேடினார். "எங்க உன் பேரு? வசனமே வரலையே? எடுத்துட்டானுங்களா? யாரு எடுத்தது?" என்று திரும்பினார்.

"நீ கொஞ்ச நேரம் சும்மா இருடா" என்றார் நாத்தனார். அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மூச்சக்காவைப் பார்த்தார். கோபமாகத்தான் கேட்டார். "அந்தப் பொம்பளை ஏன்டி திரும்பவே இல்ல? புள்ளை அங்க நிக்குறான்ல? ஒருதடவை, ஒரே ஒருதடவை, திரும்பிப் பார்த்தா என்ன குறைஞ்சா போயிடுவா?"

மூச்சக்காவுக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது.

"திரும்பியிருந்தா அவன் போயிருப்பானா, அண்ணி?" என்றாள்.

நாத்தனார் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.